உம்மு யார் என்று எழுது

ஐன் லோஸ்,
மாதா விண்ணேற்புத் திருநாள் கழிந்த மூன்றாம் நாள்

என் கண்ணே நக்லே,

அம்மா எழுதுகிறேன். கன்னி மரியாளின் கை உன் தலைமேல் இருக்கட்டும். யாரும் சாகவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் கையெழுத்தைப் பார்த்ததும் நீ பயந்துபோவாய். அப்பாவுக்கு முழங்கால் வலி, அது அவரோடு பிறந்தது மாதிரி ஆகிவிட்டது. தங்கை லதீஃபே சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். திராட்சை இந்த வருடம் பரவாயில்லை. வழக்கமாக அப்பா சொல்லச் சொல்லச் சாமியார் எழுதுவார், இது நானே எழுதுவது, கன்னியர் மடத்தில் இரண்டு வருடம் கற்ற எழுத்து, கோழி கிளறினது போல இருக்கும், சிரிக்காமல் படி. அப்பாவுக்கும் தெரியாது, சாமியாருக்கும் தெரியாது. பெய்ரூத்துக்கு எண்ணெய் ஏற்றிப் போகிற கோவேறு கழுதைக்காரரிடம் கொடுத்து, துறைமுகத்தில் சேர்க்கச் சொல்லப்போகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது நக்லே. 

பிரேசிலிலிருந்து வந்த உன் ஈஸ்டர் கடிதத்தில் கிறிஸ்துமஸ் முடிந்து கப்பலேறுகிறேன், இனி ஊரோடுதான், பெண் பார்த்து வையுங்கள் என்று எழுதியிருந்தாய். பட்டு நூற்கிற ஆலைக்குப் போகிறவள் வேண்டாம், வெயில் படாத வெள்ளைக் கையாக இருக்கவேண்டும் என்றும் எழுதியிருந்தாய். சாமியார் அதை உரக்கப் படித்தபோது லதீஃபே அடுப்படியில் இருந்தாள், பட்டுக்கூடு வேகிற வெந்நீரில் வெந்து வெந்து தோல் உரிந்த தன் கையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். உன்னைக் கப்பலேற்றியது அந்தக் கை சம்பாதித்த பட்டாலைக் கூலிதான் என்று எனக்கு வாய்வரை வந்தது. நீ கேட்டபடியே பார்த்தோம். மாவு மில் ஜுர்ஜியின் மகள் ஹின்த், பதினேழு வயது, அடக்கமான பெண், கை பஞ்சு மாதிரி. புனித பார்பரா திருநாளன்று வாக்குக் கொடுப்பதாகப் பேச்சு. அந்த வாக்கைக் கொடுக்கலாமா கூடாதா என்று நீதான் எனக்குச் சொல்லவேண்டும், அதற்குத்தான் இந்தக் கடிதம். ஏன் என்று கேட்பாய். நம் வீட்டில் நடந்ததைச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

மேல்தெரு ஷாஹீனுக்கு லதீஃபேயைப் பேசி முடித்தது உனக்குத் தெரியும், நீயும் நல்ல பையன், யோசிக்காமல் கொடுங்கள் என்று எழுதினாய். வசந்தத்தில் அவன் பிரேசிலை விட்டு இங்கே வந்து இறங்கியதிலிருந்து அந்த வீட்டைப் பார்க்கவேண்டுமே. மண் கூரையைப் பிரித்துப் போட்டுச் சிவப்பு ஓடு போட்டாயிற்று, தேவாலயத்துக்கு மணி வாங்கிக் கொடுத்தாயிற்று. அவன் அம்மா, அவனைப் பெற்றதால் உம்மு ஷாஹீன் ஆனவள், என்னோடு ஊற்றில் குடம் வைத்து நின்று சண்டை போட்டவள், இப்போது தண்ணீர் தூக்க ஒரு பெண்ணை வைத்திருக்கிறாள், பூசைக்கு வரும்போது கையுறை போடுகிறாள், ஆகஸ்ட் வெயிலில் கையுறை. முன்பு ஷேக் வீட்டு முற்றத்தில் நம் ஆண்கள் நின்றுகொண்டேதான் பேசுவார்கள், இப்போது ஷேக் இவர்கள் வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறார். அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. மகன் வந்ததும் நாமும் ஓடு போட்டுவிடுவோம், மழை பெய்தால் கூரைமேல் ஏறி, ஒழுகாமல் மண்ணை இறுக்கக் கல்லுருளை உருட்டுகிற வேலை இனி இல்லை என்று போகிற வருகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். உம்மு ஷாஹீன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாள். லதீஃபே பட்டாலையை விட்டுவிட வேண்டும், கல்யாணம் வரை கைக்கு ஆலிவ் எண்ணெய் தடவி வைக்கவேண்டும். "என் மருமக கையில பட்டுப்புழு நாத்தம் அடிக்கக்கூடாது உம்மு நக்லே, நாலு பெரிய மனுஷங்க வந்து போற வீடு" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நல்ல இடம் என்று வாயை மூடிக்கொண்டேன், லதீஃபேயும் வேலையை விட்டுவிட்டு எண்ணெய் தடவிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தாள், பாவம், என்ன செய்வதென்றே தெரியாமல் பெருக்கியதையே திரும்பப் பெருக்கி, துடைத்ததையே திரும்பத் துடைத்துக்கொண்டு.

பயம் எங்கே தொடங்கியது தெரியுமா, ஒரு ஞானஸ்நான வீட்டில். ஷாஹீனின் சித்தி மகளுக்குக் குழந்தை பிறந்து ஞானஸ்நானம் கொடுத்தார்கள், எல்லாரும் போயிருந்தோம். சாப்பாட்டு நேரத்தில் குழந்தை வீறிட்டு அழ ஆரம்பித்தது. கை மாற்றிக் கை மாற்றிப் பெண்கள் பத்துப் பேர் தூக்கிப் பார்த்தோம், நானும் தூக்கினேன், அடங்கவில்லை. ஷாஹீன் எழுந்து வந்து, "இங்க குடுங்க" என்று வாங்கினான். வாங்கி, முன்கையின் மேல் குழந்தையைக் குப்புறப் படுக்கவைத்தான், உள்ளங்கையை அதன் வயிற்றுக்குக் கீழே கொடுத்தான், தலை அவன் முழங்கை மடிப்பில் வந்து உட்கார்ந்தது, இன்னொரு கையில் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே கதவுக்கும் ஜன்னலுக்குமாக லேசாகக் குதித்துக் குதித்து நடந்தான். குழந்தை ஏப்பம் விட்டுத் தூங்கிப்போயிற்று. பெண்களெல்லாம் சிரித்தார்கள், பிரேசிலில் இதையும் சொல்லிக் கொடுக்கிறார்களா என்று கேலி செய்தார்கள், உம்மு ஷாஹீன்கூடப் பெருமையாகச் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. உன் அப்பா மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒன்றைக் கர்த்தர் எடுத்துக்கொண்டார், ஒரு நாளாவது குழந்தையைத் தூக்கத் தெரிந்திருக்கிறதா, மூட்டையைப் பிடிப்பது போலப் பிடிப்பார். இந்த மலையில் எந்த ஆணுக்கும் அந்தப் பிடி தெரியாது. தெரியவேண்டுமானால் வீட்டில் ஒரு பச்சைக் குழந்தையும், அதன் தாய் பகலெல்லாம் வெளியே போகிற பிழைப்பும் இருக்கவேண்டும். லதீஃபேயைத் திரும்பிப் பார்த்தேன். அவளும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவள் என்னோடு பேசுவது குறைந்தது, நானும் கேட்கப் பயந்தேன், வீணாக ஒரு நல்ல பையனைச் சந்தேகப்படுகிறேனோ என்றும் பயம், சந்தேகம் சரியாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்றும் பயம்.

மாதா திருநாளன்று பூசை முடிந்து அவர்கள் காப்பிக்கு வந்தார்கள், ஷாஹீனும் அவன் அம்மாவும். முற்றத்தில் மல்பெரி நிழலில் உட்காரவைத்தோம். அப்பா ஓட்டைப் பற்றி, சுண்ணாம்பைப் பற்றி அவனிடம் விசாரித்துக்கொண்டிருந்தார். லதீஃபே தட்டில் காப்பி கொண்டுவந்தாள், அவன் கப்பை எடுத்து ஊதும்போது, சர்க்கரை போதுமா என்று கேட்கிற குரலில், கொஞ்சமும் அவசரமில்லாமல், "அங்க அவங்களை எப்படிக் கூப்பிடுவாங்க, உம்மு யாருன்னு?" என்று கேட்டாள். அவன் ஊதிக்கொண்டே, "உம்மு யூசுஃப்" என்றான்.

சொன்னபிறகுதான் அவனுக்கே காதில் விழுந்தது. கப்பைக் கீழே வைக்கவும் தெரியாமல் குடிக்கவும் தெரியாமல் வைத்திருந்தான். நம் ஊரில் பெண்ணை அவள் பிள்ளை பெயரால்தானே கூப்பிடுகிறோம், கேள்வி கேட்ட மாதிரியே இல்லை, வாய் தானாகப் பதில் சொல்லிவிட்டது. உம்மு ஷாஹீன்தான் முதலில் வாயைத் திறந்தாள், "அது அவனுக்கு வீடு வாடகைக்கு விட்டவம்மா, வயசானவ" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது, ஏனென்றால் யூசுஃப் என்பது அவளுடைய செத்துப்போன புருஷன் பெயர். மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயரைத்தான் வைப்போம் என்பது அங்கே உட்கார்ந்திருந்த எல்லாருக்கும் தெரியும். தன் வீட்டுக்காரர் பெயரை மகன் எங்கோ கடலுக்கு அப்பால் ஒரு பிள்ளைக்கு வைத்திருக்கிறான் என்பது அந்த நிமிடம்தான் அவளுக்கும் தெரிந்தது என்று நினைக்கிறேன். யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று தெரிந்திருக்கும், பிள்ளை இருப்பது தெரிந்திருக்காது. அப்பா மட்டும், "விளையாட்டுக்குச் சொல்றது, கல்யாணமாகாத பசங்களைக்கூட அபு இன்னார், இன்னாரோட அப்பான்னு கூப்பிடறதில்லையா" என்று சமாளித்தார். லதீஃபே, "ஆம்பளையை அப்படிக் கூப்பிடுவாங்கப்பா. பொம்பளையைப் பிள்ளை இல்லாம யாரும் உம்முன்னு கூப்பிடமாட்டாங்க" என்றாள்.

அதற்குப் பிறகு ஷாஹீன் எதையும் மறைக்கவில்லை. அந்த உம்மு யூசுஃப் ஸஹ்லே பக்கத்துப் பெண், விதவையாகக் கப்பலேறிப் போனவள், பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு காப்பித் தோட்டம் தோட்டமாக நடந்து ஊசி நூல் ஜெபமாலை விற்கிறவள். இவன் கடையைப் பார்த்துக்கொண்டு பிள்ளையையும் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்திருக்கிறான். அந்த ஊருக்கு நம் சபைச் சாமியார் யாராவது வரும்போது மணம் முடித்துக்கொள்ளலாம் என்று இருந்தார்களாம், அம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தானாம். "வந்தப்ப அப்படித்தான் நெனச்சு வந்தேன் அத்தை, சத்தியமா. இங்க வந்தா வீடு, ஓடு, பொண்ணு எல்லாம் ஏற்பாடா இருந்துச்சு, இல்லேன்னு சொல்ல வாய் வரல" என்று என்னிடம் சொன்னான். உம்மு ஷாஹீனுக்கு அதற்குள் தெளிந்துவிட்டது. "பெட்டி தூக்கி வீடு வீடா ஏறி இறங்கறவளை இந்த வீட்டுக்குள்ள எப்படிடா கூட்டிட்டு வருவே, ஷேக் வீட்டுல என்ன சொல்லுவாங்க" என்றாள். அவள் தலைக்கு மேலே இருக்கிற ஓட்டில் பாதி அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான். அவன் தலையைக் குனிந்துகொண்டு, யாரிடம் என்றில்லாமல், "இந்நேரம் பல்லு முளைச்சிருக்கும். கோதுமை வேகவெச்சிருப்பா" என்றான்.

நக்லே, அந்த வார்த்தையில்தான் எனக்கு மூச்சு நின்றது. லதீஃபே நிச்சய மோதிரத்தைக் கழற்றிக் காப்பித் தட்டில் வைத்ததும், அப்பா எழுந்து கத்தியதும் எனக்கு எங்கோ தூரத்தில் நடப்பது போல இருந்தது. போன வருடம் தவக்காலத்தில் நீ எழுதின கடிதம் நினைவுக்கு வந்துவிட்டது. பார்பரா கோதுமை சாப்பிட ஆசையாக இருக்கிறது, எத்தனை நேரம் ஊறவைக்க வேண்டும், மாதுளை கிடைக்கவில்லை என்றால் என்ன போடலாம் என்று கேட்டிருந்தாய். பார்பரா திருநாள் டிசம்பரில், பையன் மார்ச்சில் கேட்கிறான், அந்த நாட்டில் போய் மாதமெல்லாம் மறந்துவிட்டது என்று நானும் அப்பாவும் சிரித்தோம், திராட்சையும் பாதாமும் போடு, சோம்புத் தண்ணீர் விட்டுக் கொதிக்கவை என்று சாமியாரை வைத்து எழுதவும் சொன்னேன். அந்தக் கோதுமையை வருடத்தில் ஒரு திருநாளுக்கு வேகவைப்போம். இல்லாவிட்டால் பிள்ளைக்கு முதல் பல் முளைத்தால் வேகவைப்போம். உன் முதல் பல்லுக்கு நான் ஒரு பெரிய பானை வேகவைத்துத் தெரு முழுக்கக் கொடுத்தேன், அது உனக்கு நினைவிருக்காது, ஆனால் கேட்டுக் கேட்டு வளர்ந்திருக்கிறாய்.

நான் தப்பாக நினைத்திருந்தால் என்னை மன்னித்துவிடு, எனக்கு ஆனந்தமாக இருக்கும், அன்றைக்கே ஹின்த் வீட்டுக்கு ஆள் அனுப்புவேன். ஆனால் ஷாஹீன் நல்ல பையன், யோசிக்காதீர்கள் என்று நீ எழுதினாயே, அதை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். அவன் இருந்த ஊர் உனக்கு ரயிலில் ஒரு நாள்தான், திருநாளுக்குத் திருநாள் சந்தித்துக்கொள்வோம் என்று நீயே எழுதியிருக்கிறாய். தெரிந்துதான் எழுதினாயா? தெரிந்து, அது ஒரு பெரிய விஷயமில்லை, எல்லாரும் செய்வதுதான், அங்கே இருப்பது அங்கேயே இருக்கட்டும் என்று நினைத்தாயா? உன் தங்கைக்கே அப்படி நினைத்தாய் என்றால் உனக்கு எப்படி நினைத்திருப்பாய்? 

லதீஃபேயைப் பற்றிச் சொல்கிறேன். மறுநாள் விடியும் முன்னே எழுந்து மற்றப் பெண்களோடு பட்டாலைக்கு நடந்துவிட்டாள். கடைசி வரிசைக் கொப்பரைக்கு முன்னால் உட்காரவைத்திருக்கிறார்கள், புகை நேராக முகத்தில் அடிக்கிற இடம். அவள் எண்ணெய் தடவி வைத்திருந்த கை ஒரே நாளில் பழையபடி ஆகிவிட்டது, புதுத்தோல் வேறு, இன்னும் எரிகிறதாம். அப்பா அவளோடு பேசுவதில்லை. "நீ கேக்காம இருந்திருந்தா அவன் சொல்லியிருக்கவே மாட்டான்" என்று அன்றைக்குச் சொன்னதுதான் கடைசி. உம்மு ஷாஹீன் ஊற்றங்கரையில் நின்று, இனி அந்தப் பெண்ணை யார் கட்டுகிறான் என்று பார்க்கிறேன் என்று சொன்னாளாம். சாமியார் வாயைத் திறக்கவில்லை, மணி அவர்கள் கொடுத்த மணி. சாலையில் பட்டாலைப் பெண்களைப் பார்த்துப் பையன்கள் கத்துவது முன்பும் உண்டு, இப்போது இவள் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள். அவள் வீட்டுக்கு வந்து சேரும்வரை நான் வாசலிலேயே நிற்கிறேன். ஷாஹீன் புறப்படும்போது அவள் அவனிடம் ஒன்று சொன்னாள், கோபமே இல்லாமல் சொன்னாள், "உங்க கை அந்தப் பிள்ளைக்குப் பழகின கை. திரும்பிப் போங்க." அவன் போவானா என்று தெரியவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறான் என்கிறார்கள், அவன் அம்மா அவனுடைய பயணப் பெட்டியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்திருக்கிறாளாம். உனக்கு முடிந்தால் அந்த உம்மு யூசுஃபுக்கு யார் மூலமாவது ஒரு சேதி அனுப்பு, அவன் உயிரோடு இருக்கிறான் என்றாவது தெரியட்டும், கடலையே பார்த்துக்கொண்டு இருப்பாள்.

இப்போது உன் விஷயம். இத்தனை வருடம் நீ வராமலே போய்விடுவாயோ என்று பயந்தேன். இப்போது நீ வந்துவிடுவாயோ என்று பயப்படுகிறேன். அங்கே யாரும் இல்லையென்றால் இல்லை என்று எழுது, நீ சொன்னால் நம்புவேன், வேறு யாரிடமும் விசாரிக்கமாட்டேன். இருந்தால், தனியாகக் கப்பலேறாதே. அழைத்துக்கொண்டு வா. பெட்டி தூக்குகிறவளோ, நம் பாஷை தெரியாதவளோ, கறுப்போ வெள்ளையோ, வந்து மண் கூரைக்குக் கீழே உட்காரட்டும், அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன், சிவப்பு ஓடு இல்லாமல் இத்தனை நாள் நனைந்தா போய்விட்டோம். அழைத்துவர முடியாது என்றால் நீ அங்கேயே இரு. இதை எழுதிவிட்டுப் பேனாவைக் கீழே வைத்துவிட்டு அழுதேன், அழுது முடித்துவிட்டுத்தான் மேலே எழுதுகிறேன், அதனால் கோபத்தில் எழுதினது என்று நினைக்காதே. உன் முகத்தைப் பார்க்காமல் நான் செத்தாலும் சாவேன், இன்னொருத்தி வாசலில் நின்று வழி பார்த்துக்கொண்டிருக்க, நீ இங்கே வந்து மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்பதை என்னால் பார்க்கமுடியாது. அந்த ஹின்தும் ஒரு வீட்டுப் பிள்ளை.

பிள்ளை இருந்தால், ஆண் என்றால், என்ன பெயர் வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். நேற்று அப்பா முற்றத்தில் குனிந்து விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் பெயரைச் சொல்லி, "தன்னூஸ்" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். நீ பிறந்த நாளிலிருந்து அபு நக்லே என்றுதான் கூப்பிட்டிருக்கிறேன், அதற்கு முன்பு இந்தா, இங்கே பாருங்கள் என்று. அவர் திடுக்கிட்டு நிமிர்ந்து, "யாரைடி கூப்பிடுறே?" என்றார். பூனையை என்றேன். வாய்க்கு அந்தப் பெயர் இனிப்பாகத்தான் இருந்தது, அதனால் இன்னும் பயமாகிவிட்டது.

உடம்பைப் பார்த்துக்கொள், அந்த ஊர் மழையில் நனையாதே, வாரம் தவறாமல் பூசை காண். கர்த்தர் உன்னை நேர்வழியில் நடத்தட்டும், உன் கையில் உள்ளது பெருகட்டும், உன்னை நம்பியிருக்கிற யாரும் கைவிடப்படாமல் இருக்கட்டும். பதிலைச் சாமியார் பெயருக்கு அனுப்பாதே, பட்டாலைக்கு லதீஃபே பெயருக்கு அனுப்பு, பார்பரா திருநாளுக்கு முன்னே வந்து சேரவேண்டும், மறக்காதே. கீழே இரண்டு வரி உனக்கில்லை, அவளுக்கு. பெயர் தெரியாததால் இடம் விட்டிருக்கிறேன். அப்படி ஒருத்தி இல்லையென்றால் அந்த இடத்தைக் கிழித்துப் போட்டுவிடு. இருந்தால் நீயே நிரப்பி அவளுக்குப் படித்துக் காட்டு.

உம்மு ................ , நன்றாக இருக்கிறாயா அம்மா? கோதுமையை முந்தின நாள் சாயங்காலமே ஊறப்போடு, அவசரப்பட்டால் வேகாது, பிள்ளைக்கு எத்தனையாவது பல் முளைக்கிறது என்று எனக்கு எழுதச் சொல்லு.

இப்படிக்கு உன் அம்மா,
உம்மு நக்லே